மாட்டுக்கும் ஓய்வுதான்

பயணம் கிளம்புகிறவர்கள் நம் வயதுக்காரர்களிடம் யோசனை கேட்பதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். போன வாரம் என் பேரப்பிள்ளைகள் குலசாமி கும்பிடப் போவதற்கு ஒரு வேன் பேசினார்கள். எத்தனை பேர் ஏறுகிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு வாந்தி வரும், எங்கெங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் போன்ல பாத்துக்கலாம் தாத்தா" என்றார்கள். கேள்வி மூன்று, பதில் ஒன்று. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இதே சாமிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது பிள்ளைகளைத் திட்டம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனவள் என் அம்மா. பெயரெழுதத் தெரியாதவள். அந்தத் திட்டத்தில் பாதியைப் பேசியது என் வாய்தான். அதனால் இதை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அது யுத்த காலம். போடி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பஸ் உண்டு. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகையோடு ஓடும். மேடு வந்தால் ஏறினவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்கால் தண்ணீர், இரண்டு போகம் நெல், வாசலில் நின்றால் மேகமலை. எல்லாம் இருந்தது, குலசாமி மட்டும் இல்லை. எங்கள் முன்னோர் சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வரும்போது சட்டி பானையைக் கொண்டுவந்தார்கள், அய்யனாரை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பெரியப்பா பிள்ளைகள் ஆறு, நாங்கள் மூன்று. ஒன்பதில் ஒன்றுகூட அந்த அய்யனாரைப் பார்த்ததில்லை. கடைசி மூன்றுக்கு எந்தக் கோயிலிலும் முதல் முடியே இறக்கவில்லை. என் தங்கைக்கு அப்போது மூன்று வயது. பிறந்த முடி அப்படியே வளர்ந்து சிக்குப் பிடித்து முதுகில் தொங்கும். அவளுக்கு ஒரு வருஷமாகக் குளிர்காய்ச்சல் வேறு. ஒன்று விட்டு ஒரு நாள், மதியம் சோற்று நேரத்துக்கு வரும். பல் கிடுகிடுக்கும். சாயங்காலம் வேர்த்து விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல் கோழி விரட்டுவாள். எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் இல்லாத வீடு அபூர்வம். கொயினா மாத்திரை குதிரைக்கொம்பு.

சாமி தூரத்தில் இருப்பதற்குப் பெரியப்பா ஒரு வழி வைத்திருந்தார். அவரும் ஒரு பங்காளியும் ஒற்றை வண்டியில் போய், அய்யனார் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவருவது. அந்தப் பிடிமண்ணை எங்கள் மாந்தோப்பில் வைத்துப் பீடம் கட்டிவிட்டால் சாமி இங்கேயே வந்துவிட்டது என்று பொருள். பிறகு யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிள்ளைகளுக்குத் தோப்பிலேயே மொட்டை போட்டுவிடலாம். நம் பக்கத்தில் பல குடும்பங்கள் அப்படிச் செய்திருந்தன. ஊரே நல்ல யோசனை என்றது. அம்மா ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அம்மா பெரியப்பாவிடம் பேச மாட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. புருஷனின் அண்ணன் முன்னால் நின்று பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, அவ்வளவுதான். அப்பா குமுளிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் கணக்கெழுதினார், மாதம் ஒரு தடவைதான் இறங்கி வருவார். பெரியம்மா மூலம் சொல்லி அனுப்பினால் போகிற வழியில் விஷயம் வேறாகிவிடும். பெரியம்மாவுக்கு எல்லோர் சொல்வதும் சரியாகப்படும். ஆகவே எட்டு வயதான நான் நடுவில் நின்றேன். பெரியப்பா முற்றத்துக் கட்டிலில் இருப்பார். அம்மா கதவுக்குப் பின்னால் இருப்பாள். நான் நிலைப்படியில். இவள் சொல்வது அவருக்கும், அவர் சொல்வது இவளுக்கும் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் காதில் விழுந்ததாக அர்த்தம்.

"ஏலே, ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. மண்ணு வந்துரும், சரி. சாமிக்கு இதுக மூஞ்சி எப்படித் தெரியும்னு கேளு."

கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "சாமிக்கு எல்லா மூஞ்சியும் தெரியும்னு ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு."

"தெரிஞ்சா இவளுக்கு ஏன் இன்னும் காய்ச்சல் விடலைன்னு கேளு."

அதை நான் திருப்பிச் சொல்லவில்லை. நான் சொல்லாமலே அவர் எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

நாலைந்து நாள் இப்படிப் போனது. கடைசியில் அவர் இறங்கி வந்தார். அறுவடை முடிந்துவிட்டது, பங்குனி உத்திரத்துக்கு இரண்டு கூண்டு வண்டிகளில் எல்லோரும் போகலாம். ஒரே நிபந்தனை, காய்ச்சல்காரப் பிள்ளை வரக்கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டால் வரட்டும். விடாவிட்டால் அடுத்த வீட்டில் விட்டுவிட்டு எட்டுப் பிள்ளைகளோடு போவது. வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, ஒரு மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். எங்களில் பத்தாவது அவள். அவள் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அன்றைக்கு அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "இன்னைக்குக் காய்ச்ச நாளு. உத்திரம் காய்ச்ச நாளா, நல்ல நாளா? எண்ணிச் சொல்லு" என்றாள். விரலை மடக்கி இரண்டு தடவை எண்ணினேன். நல்ல நாள் என்றேன். மூன்றாவது தடவையும் எண்ணச் சொன்னாள். இன்றைக்கு வீட்டில் என்னைப் பரிகாசம் செய்கிறார்களே, மாடிப்படியையும் மருந்து வில்லையையும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன் என்று, அந்தப் பழக்கம் அங்கே தொடங்கியது.

மறுநாள் காலை பெரியப்பாவைப் பிள்ளையை வந்து பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினாள். அன்று நல்ல நாள். தங்கை அவர் வேட்டி முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொழுவம் வரை போனாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் என்னை அனுப்பினாள், அதுவும் நல்ல நாள். மூன்றாவது தடவை அவரே, "தேறிருச்சேடா" என்றார். அம்மா பொய் சொல்லவில்லை. எந்த நாளில் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவள் தீர்மானித்தாள்.

அடுத்த செய்தி மாட்டைப் பற்றியது.

"சோடி புதுசு. பிள்ளைகளை ஏத்திக்கிட்டுத் தினமும் ஓட்டுனா கால் ஓஞ்சு போகும். ஒரு நாள் ஓட்டி ஒரு நாள் அவுத்துக் கட்டுனா ராசா மாதிரி போய்ச் சேரும். அவுகளுக்குத் தெரியாததில்லை, சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்னு சொல்லு."

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அந்த மயிலைக் காளைகளை அவர் பிள்ளைகளைவிட அதிகமாகத் தடவிக் கொடுப்பார். "மாட்டோட அருமை தெரிஞ்சவ ஒருத்தியாச்சும் இந்த வீட்ல இருக்காளே" என்று பெரியம்மா காதில் விழும்படி சொன்னார். ஓட்டுகிற நாளெல்லாம் நல்ல நாளாகவும், அவிழ்த்துக் கட்டுகிற நாளெல்லாம் காய்ச்சல் நாளாகவும் விழுகிறது என்பது எனக்கு அன்று இரவு புரிந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் என் வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டாள்.

பிறகு நடந்த ஏற்பாட்டைப் போல் நான் இதுவரை கண்டதில்லை. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே களத்தில் வண்டியை நிறுத்தி, மாடு பூட்டாமல், எங்கள் ஒன்பது பேரையும் ஏற்றி மதியம் வரை உட்கார வைத்தாள். யார் யாரைக் கிள்ளுகிறார்கள், யாருக்கு எப்போது ஒன்றுக்கு வருகிறது, யார் பக்கத்தில் யார் தூங்குகிறார்கள் என்று பார்த்தாள். ஊரே களத்து ஓரம் நின்று சிரித்தது. "மாடில்லாத வண்டி எந்த ஊருக்குப் போகுது?" என்று ஒருவர் கேட்டார். பெரியப்பா வெட்கப்பட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாள் மாடு பூட்டி வாய்க்கால் கரையில் ஓட்டச் சொன்னாள். மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். அந்த மூவருக்கும் வண்டியின் பின்பக்கம் இடம் ஒதுக்கப்பட்டது. கிள்ளுகிற இருவருக்கு நடுவில் என்னை வைத்தாள். என் தொடையில் அந்தப் பயணத்தின் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது.

தன்னுடைய சிவப்புச் சுங்குடிச் சேலையை ஒன்பது நாடாக்களாகக் கிழித்து ஒவ்வொருவர் இடுப்பிலும் கட்டினாள். வழியில் எந்தக் கூட்டத்திலும் எங்கள் பிள்ளை எது என்று தெரிய வேண்டும். நிற்கிற இடத்திலெல்லாம் நாடாவை எண்ணுவது என் வேலை. அவளிடம் நல்ல சேலை இரண்டுதான் இருந்தது. அதில் ஒன்று அது.

அப்பா ஏற்பாட்டுக்கு அனுப்பியது தோட்டத்து ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய கொஞ்சம் கொயினா. கிளம்பும் முன் ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். போதும் என்பதை மலையாளத்தார் பழக்கத்தில் "மதி, மதி" என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டார். கசப்புத் தெரியாமல் அந்தக் கொயினாவை அம்மா கருப்பட்டிக்குள் பொதிந்து வைத்தாள்.

பெரியப்பா செய்த ஒரே ஏற்பாடு தண்ணீர். தண்ணீர் மாறினால்தான் காய்ச்சல் வரும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எங்கள் வாய்க்கால் தண்ணீரை நான்கு மண்குடங்களில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, இரண்டாவது வண்டியில் வைக்கோலுக்கு நடுவே வைத்தார். பிள்ளைகள் அதைத்தான் குடிக்க வேண்டும். அந்த இடத்தில் நாலு பிள்ளைகள் உட்காரலாம் என்று அம்மா என் மூலம் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

கிளம்பினோம். ஒரு வண்டியைப் பெரியப்பா ஓட்டினார், இன்னொன்றை எங்கள் வண்டிக்காரர். முதல் நாள் தேனி. அடுத்த நாள் ஓய்வு. பெரியப்பா மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போய் நாள் முழுக்கக் குளிப்பாட்டினார். சத்திரத்துக்குள் தங்கை நடுங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஆண்டிபட்டி, அங்கும் அப்படியே நடந்தது. தெரிந்துபோகும் என்று பெரியம்மா அழுதார். அழுதுகொண்டே கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டார், புருஷனிடம் சொல்லவில்லை. அவர் தன் ஆயுளில் ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தது அந்த இரண்டு நாள்தான் என்று நினைக்கிறேன்.

கணவாய் ஏற்றத்தில் பாரம் தாங்காமல் பெரிய பிள்ளைகள் இறங்கி நடந்தோம். தண்ணீர் வண்டியில் உட்கார்ந்து வந்தது. குடங்களில் ஒன்று தளும்பும்போதெல்லாம் பெரியப்பா, "பாத்து, பாத்து" என்றார். எங்களைச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

உசிலம்பட்டியில் ஓய்வு நாள். பெரியப்பா சந்தைக்குப் போனவர், விற்க வந்த மாடுகள் அவருக்குப் பிடிக்காமல் போனதால் சோற்று நேரத்துக்கே திரும்பிவிட்டார். சத்திரத்து மண்டபத்தில் தங்கை மேல் சமுக்காளம், அதன் மேல் சாக்கு, அதன் மேல் அம்மா. அவரைப் பார்த்ததும் அம்மா எழுந்து தூணுக்குப் பின்னால் போனாள். சாக்கு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் கிட்டே வந்து அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே. ஒங்க ஆத்தாகிட்டக் கேளு. இது எப்ப இருந்து?"

"விடவே இல்லைன்னு சொல்லு" என்றது தூண்.

"நான் பாக்க வந்தன்னைக்கெல்லாம் ஓடியாடுச்சே?"

"அது விடுற நாளு. அந்த நாளாப் பாத்துத்தான் அவுகளை வரச் சொன்னேன்."

"அப்ப மாட்டுக்கு ஓய்வுன்னது?"

தூண் பக்கமிருந்து பதில் வந்தது. "மாட்டுக்கும் ஓய்வுதான்னு சொல்லு."

வண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நாளை ஒரு வண்டி ஊருக்குத் திரும்பும், அதில் பிள்ளையும் அதன் ஆத்தாளும் போவார்கள் என்றார். இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு நடக்கத் தனக்கு உடம்பில் தெம்பில்லை என்று யாரிடமோ சொல்வது போல் சொன்னார். அதை நான் திருப்பிச் சொல்லவில்லை.

அம்மா தூணுக்குப் பின்னாலிருந்தே பேசினாள். எனக்குச் சொல்வது போலத்தான், ஆனால் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"நாளைக்கு இவளுக்கு நல்ல நாளுன்னு சொல்லு. நல்ல நாளைத் திரும்பிப் போறதுக்கா செலவழிக்கிறது? அங்கன விட்டுட்டு வந்திருந்தாலும் இதே நடுக்கந்தான், கூட நான் இருக்க மாட்டேன், அம்புட்டுத்தான். எட்டுப் பிள்ளையைக் கொண்டு நிறுத்தி, ஒன்பதாவது எங்கன்னு அய்யனார் கேட்டா, மாடா பதில் சொல்லும்னு கேளு."

பெரியப்பா வெளியே போய்விட்டார். அம்மா மறுபடியும் சாக்கின் மேல் படுத்துக்கொண்டாள். நான் எட்டு நாடாக்களை எண்ணினேன், ஒன்பதாவது சாக்குக்குள் இருந்தது.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பெரியப்பா குடத்தை வண்டியிலிருந்து இறக்கித் துணியை அவிழ்த்துத் தண்ணீரை மரத்தூரில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலாவது குடம் அது. ஊர்த் தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் கொக்கி போல் வளைந்து நெளிந்தன. மண் அதைக் குடிக்கும்வரை நின்று பார்த்தார். அந்தப் புழுதான் கொசுவாகும், அந்தக் கொசுதான் காய்ச்சல் என்று பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். காய்ச்சல் வழியில் காத்திருக்கிறது என்று பயந்து, அதை வாய் கட்டிக் குடத்தில் எடுத்து வந்திருந்தோம். அவருக்கு அது தெரியாது. அவர் இடத்துக்காக ஊற்றினார். காலியான இடத்தில் புது வைக்கோலைப் பரப்பி, தன் துண்டை அதன் மேல் விரித்தார். ஒரு பிள்ளை நீட்டிப் படுக்கலாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு. மாட்டுக்கு நாளைக்கு நல்ல நாளு, வெள்ளனக் கிளம்பணும்னு."

அதற்குப் பிறகு ஓய்வு நாளில் அவர் மாட்டோடு போகவில்லை. பேரையூரிலும் கல்லுப்பட்டியிலும் அந்தந்த ஊர்க் கிணற்றில் நீர் சேந்தி, அம்மா சொன்னபடி கொதிக்க வைத்து, சாக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்தார். பிள்ளை நடுங்கினால் தன் பெரிய உள்ளங்கையை அதன் நெற்றியில் வைத்துக்கொண்டு, "ஏ ஆத்தா, இந்தா முடிஞ்சிரும்" என்பார். கல்லுப்பட்டிக்கு அப்புறம் மண் கறுப்பாயிற்று. வெயிலுக்குப் பிளந்து கிடந்த வெடிப்புகளில் எங்கள் கை போகும். மரமில்லாத அவ்வளவு பெரிய வானத்தை நாங்கள் பார்த்ததேயில்லை.

பங்குனி உத்திரத்தன்று காலை, எண்ணியபடியே, தங்கை நன்றாக இருந்தாள். அய்யனார் ஒரு உடைமரத்துக்கு அடியில், வர்ணம் போன மண்குதிரைகளுக்கு நடுவில் இருந்தார். இவ்வளவு தூரம் வந்ததற்கு இவ்வளவு சின்னச் சாமியா என்று எனக்குப் பட்டது. நாவிதர் தங்கையின் சடையைக் கையில் எடுத்துப் பார்த்து, இதற்கு அரிவாள் வேண்டும் என்றார். சிரைத்து முடித்ததும் அவள் தன் தலையைத் தடவிப் பார்த்து, அது தன்னுடையதுதானா என்று பெரியம்மாவிடம் கேட்டாள். ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தி அம்மா ஒவ்வொருவர் முகத்தையும் சாமி பக்கம் திருப்பி வைத்தாள்.

கும்பிட்டு முடிந்தது. பெரியப்பா மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். குந்தி உட்கார்ந்து அய்யனார் காலடியில் ஒரு பிடி கரிசல் மண்ணை அள்ளினார். துணியில் போடவில்லை. பிடித்த கையோடு திரும்பினார். நான் என் இடத்தில் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எடுக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு" என்றார்.

அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் "ஏலே" என்று தொடங்கப் போனது. தொடங்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக இல்லாவிட்டாலும் அவர் கைக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இதுக வழியைப் பாத்துருச்சுக. இனிமே இதுக வந்துக்கிரும். மண்ணு இங்கனயே இருக்கட்டும்."

பெரியப்பா கையை விரித்தார். மண் விழுந்தது. வேட்டியில் எவ்வளவு துடைத்தும் விரல் இடுக்கில் கறுப்புப் போகவில்லை. கரிசல் மண் அவ்வளவு சீக்கிரம் கையை விடாது.

திரும்பி வரும் வழியில் எனக்கு நாடா எண்ணுவதைத் தவிர வேலை இருக்கவில்லை. முதலில் எனக்கு அது வருத்தமாகக்கூட இருந்தது. தங்கைக்குக் காய்ச்சல் அதன் பிறகு இரண்டு தடவை வந்தது, இரண்டாவது தடவை லேசாக. அப்புறம் வரவில்லை. அம்மா அய்யனார் என்றாள். அப்பா கொயினா என்றார். பெரியப்பா சாகும்வரை, மாட்டுக்கு ஓய்வு கொடுத்து ஓட்டியதுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இருக்கும்போது அதைச் சொன்னால் மட்டும் அவர் மீசை ஆடும்.

அந்த நாடாக்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. களமும் இல்லை, அதன் மேல் கல்யாண மண்டபம் நிற்கிறது. அம்மா சொன்னது மட்டும் பலித்துவிட்டது. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக அந்த வழி யாருக்கும் மறக்கவில்லை.

இன்று காலை வேன் வந்து நின்றது. யாரும் கேட்காவிட்டாலும் கதவருகில் நின்று எண்ணினேன். பதினான்கு தலை. சந்தேகமாக இருந்தது, மறுபடியும் எண்ணினேன். ஜன்னல் ஓரம், முழங்கைத் தடிமனில் வெள்ளைச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு என் தங்கை உட்கார்ந்திருந்தாள். சீட்டு விஷயமாக நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. மூன்றாவது தடவை நான் விரலை நீட்டியபோது அவள் பக்கத்திலிருந்த என் பேரனின் தோளைத் தட்டினாள்.

"ஏலே, ஒங்க தாத்தாகிட்டச் சொல்லு. எல்லாரும் இருக்கோம், ஏறச் சொல்லு."